ஈட்டுத் தூக்கம்

அர்த்தநாரி என் அலுவலகத்துக்கு முதல் தடவை வந்தபோது பேரைக் கேட்டேன். யோசித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரசாள்தான் சொன்னாள். தூக்கம் போன மனுசனுக்குச் சொந்தப் பேர்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் அமராவதி. சங்ககிரியில் வக்கீல். எனக்கு வாய் நீளம், பொறுமை கம்மி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இந்த ஊரில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

"என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் மாத்திரையே போட்டதில்லீங்க."

"ரத்தத்துல இருக்குதுன்னு ரிப்போர்ட் சொல்லுது. வேற யாராவது வந்து ஊட்டி விட்டாங்களா?"

"தெரியலீங்க. ஆனா நான் போட்டதில்லீங்க."

நான் பேனாவை மேசையில் போட்டேன். என்னிடம் வந்த முழிப்பாள் ஒவ்வொருவரும் இதையேதான் சொன்னார்கள். முதலில் சத்தியம், அப்புறம் அழுகை, அப்புறம் உண்மை. இவரும் அந்த வரிசையில் வருவார் என்று விட்டுவிட்டேன்.

முழிப்பாள் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இப்போது லாரிகள் தானாகவே ஓடுகின்றன. ஸ்டியரிங்கை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் கேபினில் ஒரு ஆள் முழித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். திடீரென்று பாலம் உடைந்திருந்தால், வெள்ளம் வந்திருந்தால், லாரிக்குப் புரியாது, ஆள்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். நாக்பூர் வரைக்கும், டெல்லி வரைக்கும், ஒன்றுமே செய்யாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு போக வேண்டும். லைனுக்குப் போவது என்று இதைத்தான் சொல்வார்கள். ஓட்டிக்கொண்டு போனாலாவது தூக்கம் வராது. சும்மா உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது? அதற்குத்தான் இந்த மாத்திரை. தொடர்ந்து போட்டால் தூக்கத்தையே வேரோடு பிடுங்கிவிடும். அப்புறம் நிறுத்தினாலும் வராது. தூக்க மாத்திரையும் வேலை செய்யாது. ஒரு நாள் நெஞ்சு நின்றுபோகும்.

"ஏனுங்க வக்கீலம்மா," என்றாள் சரசாள். பேரைச் சொன்னதோடு சரி, அதுவரை அவள் வாயே திறக்கவில்லை. "ஒருத்தர் தூக்கத்தை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறாங்களாமே. என்ற தூக்கத்தை எடுத்து அவருக்குக் குடுத்தறலாமுங்களா?"

"கூடாது."

"நான் சம்மதிச்சாலுமா?"

"நீ தலைகீழா நின்னாலும் கூடாது. புதுசா வந்தப்ப என்ன பண்ணாங்க தெரியுமா? வித்தாங்க. பரிச்சைக்குப் படிக்கிற பசங்களுக்கு, காசு இருக்கற கிழவங்களுக்கு. வித்தவங்க தூங்காம மில்லுக்குப் போயி மெசின்ல கையை விட்டாங்க. சரின்னு விக்கறதைத் தடை பண்ணாங்க. உடனே எல்லாரும் தானம்னு சொல்லிட்டு வித்தாங்க. கட்டுன புருசனே பொண்டாட்டி தூக்கத்தைத் 'தானம்' பண்ணிட்டு வந்தான். அதனால தானமும் கூடாதுன்னுட்டாங்க."

"அப்பறம் யாருதான் குடுக்கறது?"

"ஒரே வழிதான். போதை மருந்தால ஒருத்தர் தூக்கத்தைக் கெடுத்தவங்க யாரோ, அவங்க தூக்கத்தை எடுத்து ஈடு கட்டச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடலாம். செஞ்சவன், வித்தவன், கைமாத்திக் குடுத்தவன், யாரா இருந்தாலும் சரி. அவங்க உன்ற புருசனுக்குத் தூக்கம் கடன்பட்டவங்க. உங்க மொதலாளியைத்தான் பிடிக்கணும்."

சரசாள் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி என்றதும் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முதலாளி நல்லதம்பியின் லாரி ஆபீசில் முழிப்பாட்களுக்கு மேனேஜர் கேட்டிலேயே மாத்திரை நீட்டுகிறார் என்பது ஊரறிந்த சங்கதி. சாட்சி சொல்ல இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். வழக்குப் போட்டேன்.

கோர்ட்டுக்குப் பின்புறம்தான் உறக்க மனை. உத்தரவு வந்தால் அங்கேதான் தூக்கம் மாற்றுவார்கள். ஊர் ஜனம் அதைக் 'கறவை' என்று சொல்லும். பரிசோதனைக்கு அர்த்தநாரியைக் கூட்டிப்போனபோது டாக்டர் ஹமீதா இரண்டு கட்டில்களையும் நடுவே இருந்த கருவியையும் சரசாளுக்குக் காட்டினார்.

"குடுக்கறவங்க இதுல படுப்பாங்க. கண்ணை மூடித் தூங்கற மாதிரிதான் இருக்கும். எந்திரிச்சா ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்ச அசதி இருக்கும். ஏன்னா அந்தத் தூக்கம் இவருக்குப் போயிருக்கும். கனவும் சேர்ந்து போயிரும்."

"கெனாவுமா?"

"பால்ல ஆடை மாதிரிம்மா. தனியா எடுக்க முடியாது. குடுக்கறவங்க மனசுல கிடக்கறது என்னவோ, வாங்கறவங்க அதைக் காணுவாங்க. அவங்க கண்ணால பார்த்த மாதிரியே."

சரசாள் அந்தக் கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்ததும் டாக்டர் என்னைத் தனியே இழுத்தார். "சீக்கிரம் பாருங்க மேடம். இந்த மாசத்தைத் தாண்டினா இதயம் தாங்காது. கேஸ் ஜெயிச்சு, ஆள் இல்லாம போயிரப் போகுது."

விசாரணைக்கு நல்லதம்பி சேலத்திலிருந்து ராமபத்திரன் என்ற வக்கீலைக் கொண்டுவந்தார். மெதுவாகப் பேசுவார், சிரித்துக்கொண்டே பேசுவார். எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கூண்டில் நாற்காலி போட்டு அர்த்தநாரியை உட்காரவைத்தார்கள். கண் இரண்டும் உள்ளே போய்க்கிடந்தன.

"ஆபீஸ்ல மாத்திரை குடுத்தாங்களா?" என்று ராமபத்திரன் கேட்டார்.

"குடுத்தாங்க. மேனேஜர் நீட்டுனாரு."

"வாங்கிப் போட்டீங்க?"

"இல்லீங்க. நான் வாங்குனதே இல்லீங்க."

என் கட்சிக்காரரே என் கேஸை வெட்டிக் குழியில் இறக்கினார். நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் நான் கேட்டது.

"மாத்திரை இல்லாம எப்படிங்க நாக்பூர் வரைக்கும் முழிச்சிருந்தீங்க?"

"எங்க சரசா புளிச்சோறு கட்டிக் குடுப்பா. லைனுக்குப் போனா நாலு நாளைக்குக் கெடாது. அதைத் தின்னா எனக்குத் தூக்கமே வராதுங்க. அது தீந்துருச்சுன்னாத்தான் தலை வலிக்கும், கை நடுங்கும். எப்படா ஊடு வந்து அவ கட்டுற சோத்தைத் திங்கலாம்னு இருக்கும்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ்கூடச் சிரித்தார். பெண்டாட்டி சோற்றை இப்படிப் புகழ்கிற புருசனை இந்தத் தாலுகாவில் யாரும் பார்த்ததில்லை. ராமபத்திரன் குனிந்து, "கேள்வி முடிந்தது" என்றார்.

மத்தியானம் கோர்ட் கலைந்ததும் எதிரே இருந்த பேக்கரியில் சரசாளை உட்காரவைத்துப் பொரிந்து தள்ளினேன்.

"உன்ற புருசனுக்கு உசுரு வேணுமா, மானம் வேணுமா? மாத்திரை போட்டேன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்? இனி நாம ஜெயிச்சாலும் அவனுக மேல்கோர்ட்டுக்குப் போவானுக. அதுக்கும் மேல ஒண்ணு இருக்குது. வருசக்கணக்கா இழுப்பானுக."

"வேற வழியே இல்லீங்களா?"

"எதிராளி எவனாவது எந்திரிச்சு 'ஆமா, நாந்தான் பண்ணேன்'னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டதை நிரூபிக்க வேண்டியதில்ல. ஜட்ஜு இன்னைக்கே உத்தரவு போட்டுருவாரு. ஆனா எவன் ஒத்துக்குவான்? தானா வந்து கழுத்தை நீட்டறதுக்கு அவனுகளுக்கென்ன கிறுக்கா?"

சரசாள் டீயைக் குடிக்கவில்லை. கிளாசில் ஆடை படிந்துவிட்டது.

கோர்ட் மறுபடி கூடியதும் அவள் எழுந்து நின்று கையைக் கூப்பினாள். "சாமி, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க."

கூண்டில் ஏற்றினார்கள்.

"மாத்திரையை அவரு போடலீங்க. நாந்தான் நுணுக்கிப் புளிச்சோத்துல கலந்தேன். ஒவ்வொரு லைனுக்கும் கலந்தேனுங்க. அவருக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி! காலையில் புருசன் உளறிய சோற்றுக் கதையையும், நான் பேக்கரியில் சொன்ன சட்டத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாளே! தானமாகக் கொடுக்கக் கூடாது என்றேன், குற்றவாளியாகிக் கொடுக்க வந்துவிட்டாள்.

ராமபத்திரனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "மனைவியே கலந்திருக்கும்போது என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? குறுக்கு விசாரணை தேவையில்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா கலந்தே?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"லைன்ல அவரு தூங்கிரக் கூடாதுன்னுங்க. என்ற தம்பி பூபாலன் அப்படித்தான் போனான். வெள்ளம் ரோட்டை அறுத்துட்டுப் போயிருந்துச்சு, லாரிக்குத் தெரியல, அவன் அசந்துட்டான். அவரு நல்லா இருக்கட்டும்னுதான் கலந்தேன்."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, இப்படிச் சொல்லச் சொல்லி?" ஜட்ஜின் பார்வை என் பக்கம் வந்தது.

"இல்லீங்க."

மாத்திரை எங்கே கிடைத்தது என்று நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும். புதிதாகக் கோட்டு மாட்டிய வக்கீல்கூட அதைத்தான் கேட்பான். ஆனால் கேட்டால் திணறுவாள், பொய் வெளுத்துவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். ஜட்ஜும் கேட்கவில்லை. அவரும் என்னைப் போலத்தான் நினைத்திருப்பார். நாற்காலியில் சரிந்து கிடந்த அர்த்தநாரியை ஒரு தடவை பார்த்தார், எழுதத் தொடங்கினார்.

சரசாள் தன் புருசனுக்கு வாரத்தில் நான்கு நாள் தூக்கம் தர வேண்டும். அவர் உடம்பு தானாகத் தூங்கப் பழகும் வரைக்கும் தர வேண்டும். பழகாவிட்டால் ஆயுசு முழுக்க. முதலாளி மேலான வழக்கு தீர்ப்புக்கு ஒத்திவைக்கப்பட்டது. அது தோற்கும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்தால் வராந்தாவில் கூட்டம். "புருசனுக்காகப் பொய் சொல்லிப் பழியை ஏத்துக்கிட்டா பாரு" என்று குமாஸ்தா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அர்த்தநாரி தள்ளாடிக்கொண்டே எல்லாரிடமும் அதையே சொன்னார். "எங்க சரசா பொய் சொல்லத் தெரியாதவளுங்க. எனக்காகச் சொல்லிட்டா."

சரசாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபமும் இருந்தது, கும்பிடவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அவளால் நல்லதம்பி தப்பித்துவிட்டார் என்ற எரிச்சல் மட்டும் போகவில்லை.

மறுநாள் காலையிலேயே முதல் கறவை. இரண்டு கட்டிலிலும் இரண்டு பேரையும் படுக்கவைத்து டாக்டர் ஹமீதா கருவியை ஓடவிட்டார். சரசாள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரியின் கை விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வாய் திறந்தது. குறட்டை வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் அவர் முழித்தார். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. சரசாள் ஏற்கெனவே எழுந்து, கட்டிலின் ஓரத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்குது?" என்றார் டாக்டர்.

"புதுசா பொறந்த மாதிரி இருக்குதுங்க." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "கெனா வந்துச்சுங்க."

"வரும். சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

"எங்க ஊட்டுச் சமையக்கட்டு. நான் நிக்கறேன். நான்னா, கையில கண்ணாடி வளையல் போட்டிருக்குது. அம்மியில வெள்ளையா என்னமோ வெச்சு நுணுக்கறேன். புளிக் கரைசல்ல கொட்டறேன். வெல்லம் சேத்திப் போடறேன், கசப்பு தெரியக்கூடாதுன்னு."

நான் குறுக்கே புகுந்தேன். "அது ஒண்ணுமில்லீங்க. நேத்துக் கோர்ட்டுல அவ சொன்னதுதான் மனசுல சுத்திட்டு இருந்திருக்கும். பொய் சொன்னவளுக்குப் பொய்யே கெனாவா வருது, அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சரசாளைத்தான் பார்த்தார்.

"மஞ்சப்பை ஒண்ணு இருந்துச்சு. ஆயுத பூசைக்கு ஆபீஸ்ல குடுத்தது. பொரி, கடலை, வாழைப்பழம். அடியில ஒரு சின்ன டப்பா. மொதலாளியம்மா பை குடுத்துட்டு உன்ற காதுகிட்டக் குனிஞ்சு சொல்லுது. 'சோத்துல கலந்து குடு சரசா. ஆம்பளைக கையில குடுத்தா தூக்கி வீசிருவாங்க. பூசையில வெச்சு எடுத்ததுதான், ஒண்ணும் பண்ணாது.' டப்பா மேல குங்குமம் வெச்சிருந்துச்சு."

கோர்ட்டில் யாரும் சொல்லாதது இது. சரசாள் பொய் சொல்லியிருந்தால் கனவில் இந்த மஞ்சள் பை எங்கிருந்து வந்திருக்கும்?

மாத்திரையே போடவில்லை என்று அவர் சொன்னது உண்மை. நான்தான் கலந்தேன் என்று அவள் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் இத்தனை நாளும் என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரொம்பத் தெரிந்தவள் போல இரண்டையும் பொய் என்று முடிவுகட்டியவள் நான்தான்.

"நெசமா சரசா?" என்றார் அர்த்தநாரி.

"நெசந்தான் மாமா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊரே என்னை மாத்திரைக்காரன்னு சொல்லுச்சு. எங்கப்பன்கூட நம்பல. நான் இல்லை, இல்லைன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சத்தியம் பண்ணேன். நீ பக்கத்துலயே நின்னுட்டு இருந்தியே புள்ள!"

"ஆமா மாமா."

"சொல்லியிருந்தா என்ன?"

"மொதல்ல, சொன்னாத் தின்னிருக்க மாட்டீங்கன்னு சொல்லல. தூக்கம் போன பொறகு, சொன்னா என்றகிட்ட இருக்க மாட்டீங்கன்னு சொல்லல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

அர்த்தநாரி திரும்பி அவளைப் பார்த்துப் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "அம்மிகிட்ட நிக்கும்போது ஒரு பயம் வந்துச்சு பாரு. வவுத்துல கல்லைக் கட்டுன மாதிரி. நான் ரோட்டோரத்துல செத்துக் கெடக்கற மாதிரியே இருந்துச்சு, பூபாலன் கெடந்த மாதிரி. லைன்ல இத்தனை வருசம் போயிருக்கேன், எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்ல. நான் போற ஒவ்வொரு தடவையும் உனக்கு அப்படித்தான் இருக்குமா?"

சரசாள் தலையை ஆட்டினாள்.

"அதை வெச்சுட்டு எப்படித் தூங்குன?"

"நான் எங்கீங்க தூங்குனேன்?"

அவர் கையை நீட்டினார். அது அவளை எட்டவில்லை. எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுதபோது அவருடைய கோபமும் கூடவே போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவர் முகத்தில் அது இன்னும் இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

நான் என் வேலைக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"அந்தப் பை விசயத்தை ஏன் கோர்ட்டுல சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே வக்கீலம்மா," என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குத்தியது. "எதிராளி ஒத்துக்கிட்டாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க. நானுந்தானே எதிராளி."

கனவு சாட்சியாகாது. கனவை வைத்துக் கேஸ் நடத்தினால் ராமபத்திரன் சிரித்தே கொன்றுவிடுவார். சரசாள் ஒருத்தி சொன்னாலும் போதாது, பழியை முதலாளியம்மா மேல் தள்ளுகிறாள் என்பார். மற்ற முழிப்பாட்களின் வீட்டுப் பெண்கள் சொல்ல வேண்டும். ஆனால் வாய் திறக்கிறவள், நானும் கலந்தேன் என்று ஒத்துக்கொண்டவள் ஆவாள். அவளும் தூக்கம் கொடுக்க வேண்டிவரும். எவள் வருவாள்?

சரசாள்தான் போனாள். அரைத் தூக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் விளக்குமாறைக் காட்டினார்கள். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "உங்க ஊட்டுக்காரருக்கு லைன் முடிஞ்சு வந்தா தலை வலிக்குதான்னு மட்டும் கேட்டேனுங்க" என்றாள்.

தீர்ப்பு நாளன்று, வழக்கைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று நான் மனு கொடுத்தேன். ராமபத்திரன் எழுந்து, "தோற்கப்போகிறவர் கடைசி நேரத்தில்..." என்று ஆரம்பித்தார். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. தனபாக்கியம் என்ற பெண் எழுந்து நின்றாள். "எங்க ஊட்டுக்கும் மஞ்சப்பை வந்துச்சுங்க. நானுந்தான் கலந்தேன்" என்றாள். அவள் புருசன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவள் உட்காருவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அழுதுகொண்டே எழுந்தார்கள். சும்மா இருந்திருந்தால் அவர்களை யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை.

ராமபத்திரனின் சிரிப்பை அன்றைக்குத்தான் காணவில்லை.

நல்லதம்பியின் மனைவி இந்திராணி கூண்டில் ஏறினார். பட்டுச்சேலை, அளவான நகை, மரியாதையான பேச்சு. முதலில் தெரியாது என்றார். நான் விடவில்லை. இத்தனை பேர் பார்த்த பையை எத்தனை நேரம் மறுக்க முடியும்? கடைசியில் ஒத்துக்கொண்டார், டப்பாக்களை வாங்கிக் கொடுத்தது மேனேஜர்தான் என்பதையும் சேர்த்து.

"நல்லா இருக்கட்டும்னுதான் குடுத்தேன். எல்லாரும் எங்க குடும்பம் மாதிரி. எனக்கு அவங்க ஒவ்வொருத்தரும் சொந்தப் புள்ளைங்க மாதிரி."

சரசாளும் அந்தக் கூண்டில் நின்று இதைத்தான் சொன்னாள். நல்லா இருக்கட்டும் என்று. இரண்டு வாயிலும் ஒரே சொல், இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எது நெஞ்சிலிருந்து வந்தது, எது நாக்கிலிருந்து வந்தது என்று அளக்கிற கருவி எந்தக் கோர்ட்டில் இருக்கிறது?

தூக்கத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்டிவிடுகிறோம் என்று கேட்டுப்பார்த்தார்கள். தூக்கத்துக்குத் தூக்கம்தான், சட்டம் அப்படி என்றார் ஜட்ஜ். இந்திராணிக்கும் மேனேஜருக்கும் பெரும் பங்கு போட்டார். சரசாளுக்கு வாரம் ஒரு நாள் மட்டும் மிச்சம் வைத்தார். அதையும் எடுத்துவிடச் சொல்லி நான் கேட்டேன். சரசாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "இருக்கட்டும் விடுங்க. பண்ணது பண்ணதுதானே" என்றாள்.

மேல்கோர்ட்டுக்குப் போகவில்லை. எல்லாப் பெண்களின் வாயும் திறந்த பிறகு நல்லதம்பிக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

இந்திராணி உறக்க மனைக்குக் காரில் வந்து இறங்கினார். வீட்டுத் தலையணையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடியதுதான் தெரியும், தூங்கிவிட்டார். நான் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனால் அந்தம்மாவின் தூக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்தாக வேண்டும் என்று எனக்குப் பற்றி எரிந்தது. பை கொடுத்த கை, டப்பாவில் வைத்த குங்குமம், ஏதாவது ஒரு முகம், ஏதாவது ஒரு உறுத்தல். சொந்தப் பிள்ளைகள் என்று சொன்னாரே.

சரசாளும் வந்திருந்தாள். இப்போது கொஞ்சம் தெளிந்திருந்தாள். புருசனுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கறவை முடிந்தது. இந்திராணி எழுந்து கொட்டாவி விட்டார். "உடம்பே அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குது" என்று சலித்துக்கொண்டே தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டர் ஹமீதா திரையில் வந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இத்தனை வருசமா பார்த்ததுல இவ்வளவு சுத்தமான தூக்கம் வந்ததில்ல மேடம்" என்றார். "ஒரு சலனம் இல்ல."

அர்த்தநாரி முழித்தார். கை காலை நீட்டி முறித்தார். நான் அவர் மூஞ்சிக்குப் பக்கத்தில் போய், "என்ன கெனா வந்துச்சு?" என்றேன்.

அவர் யோசித்தார். சரசாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

"ஒண்ணுமே வரலீங்க வக்கீலம்மா. நல்ல தூக்கம். ஆழ்ந்த தூக்கம். கெனாவே இல்ல. நாங்க யாருமே இல்ல அதுல."